பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பரீட்சை

பெண் பார்க்கப் போன இடத்தில் பரீட்சை வைத்த மகராசன் நான். அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஓர் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். 'கெட்' என்ற ஒரே இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு நாற்பது பிரயோகங்களை நோட்டுப் போட்டு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அந்த நோட்டு கொடுத்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

குன்றக்குடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றார்கள். நாங்கள் ஏழு பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேசரியும் பஜ்ஜியும் தின்றோம். பெண் காபி கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றாள். "பொண்ணுட்ட எதுவும் கேக்கணும்னா கேளுங்க தம்பி" என்று அவளுடைய அய்யாவின், அதாவது என் மாமனாராகப் போகிறவரின் குரல் கேட்டது.

சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். பாடச் சொல்லியிருக்கலாம். நான், "கெட்ங்கிற சொல்லை எத்தனை விதமா உபயோகிக்கலாம், சொல்லு பார்ப்போம்" என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. உடனே நானே விரல் மடக்கி அடுக்க ஆரம்பித்தேன். கெட் அப் என்றால் எழுந்திருப்பது, கெட் அலாங் என்றால் ஒத்துப்போவது, கெட் ரிட் ஆஃப் என்றால் தொலைத்துக் கட்டுவது. என் சித்தப்பா "அடேயப்பா!" என்றார். எனக்குப் பரம திருப்தி.

கல்யாணம் நடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லி, "இவளுக்கு ஒரு கெட்கூட வராது" என்று சிரிப்பேன். பத்து வருஷம் சிரித்தேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அடுப்படியில் அவள் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "டவுன் பஸ்ஸுல ஏறுனா கெட் ஆன். கோட்டையூர்ல எறங்குனா கெட் ஆஃப். கோழி கைக்குச் சிக்காம ஓடிட்டா கெட் அவே. காய்ச்சல் விட்டுத் தேறிட்டா கெட் ஓவர்." ஒவ்வொன்றுக்கும் ஓர் இங்கிலீஷ் வாக்கியமும் தடங்கலில்லாமல் வந்தது. என் நோட்டில் இப்படி ஒரு கோழி கிடையாது. என்னைப் பார்த்ததும் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மகள் விளையாடப் போனதும், "அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லலை?"

முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு சொன்னா அடுத்ததக் கேப்பீக. மாப்பிள்ளை வீட்டாளுக எந்திரிக்கிற வரைக்கும் எங்கய்யா உக்கார மாட்டாக. மொத நாளு வரப்புல விழுந்து அவுகளுக்கு முழங்கால் வீங்கிக் கெடந்துச்சு. செவுத்தப் பிடிச்சுக்கிட்டே நின்டாக. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை.

வருஷம் தவறாமல் பொங்கல் சீர் கொண்டுவந்த அந்த மனிதர் அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். எங்கள் வீட்டில் அவரை ஒரு தடவையாவது "உட்காருங்க மாமா" என்று சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை.