வெர்னாவின் மூலை

அமெரிக்காவின் அயோவாவில் பிப்ரவரிக் குளிரில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது. வருஷா வருஷம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடி 1972-ஐத் திருத்தி எழுதுவோம். அந்த வருஷம் துணை அதிபர் வேட்பாளர் ஒருவர் பாதியில் விலகினார். அவர் இடத்தில் யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பிடித்த பெயர் ஒட்டியிருக்கும் மூலையில் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும். நிலைத்த மூலைக்கு ஒரு நிமிஷப் பேச்சு உண்டு. தலைகளை எண்ணுபவன் நான், ஆர்லோ.

வெர்னா ஹாகென் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உழைத்தவள். பதினொரு வருஷமாக ‘லோயிஸ் ட்வெட்’ என்று ஒட்டிய மூலையில் தன்னந்தனியாக நிற்கிறாள். லோயிஸ் எங்கள் மாவட்டத்தில் தேர்தல் நடத்திய அதிகாரி. வெள்ளத்தில் படகேறிப் போய் ஓட்டுப்பெட்டியைத் தூக்கி வந்தவர். ஊரைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. வெர்னாவைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம், நான் கொஞ்சம் கூடுதலாகவே. மூலை கலைந்ததும் அவள் வேறெங்கும் போகமாட்டாள். உட்கார்ந்து இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலைப் பீன்ஸ் குழம்பில் தோய்த்துத் தின்பாள்.

இந்த வருஷம் லோயிஸையே காரில் கூட்டி வந்துவிட்டாள். தொண்ணூற்றொரு வயது. சுவரில் தன் பெயரைப் படித்த லோயிஸ், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எதிர் மூலைக்குப் போய், பிரபல செனட்டர் ஒருவரின் பெயருக்குக் கீழே நின்றுகொண்டார்.

“அந்தப் பொம்பளைய எனக்கு நல்லாத் தெரியும். வாய்த்துடுக்கு. நம்பி நாட்டைக் குடுக்க முடியாது” என்றார், தன் பெயரையே காட்டி.

அறையே சிரித்தது. வெர்னாவின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் ஆள் பிடிக்க அரை மணி நேரம் உண்டு. அவள் எதிர் மூலைக்கு நடந்தாள்.

“அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, லோயிஸ். கட்சி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். மாத்து ஆள் லிஸ்ட்டை அடிக்கச் சொன்னாங்க. கடைசியில உங்க பேரை நானாச் சேர்த்தேன். ‘யார் இது’ன்னு செவப்புப் பென்சில்ல எழுதி, பேரைக் கோடு போட்டு அடிச்சுத் திருப்பிக் குடுத்தாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல.”

லோயிஸ் அவளையே பார்த்தார். “இதுக்கா இத்தனை வருஷம் ஒத்தையில நின்னே?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மூலைக்கு நடந்தார். சோளம் பயிரிடும் லிண்ட்கிரென் சகோதரர்கள் இருவரும் கூடவே போனார்கள். ஆக நாலு பேர். முப்பது பேரில் ஐந்து வேண்டும். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வெர்னா யாரையும் கெஞ்சவில்லை. “எண்ணி முடி ஆர்லோ, ரோல் ஆறுது” என்றாள்.

எண்ணினேன். எண்ணிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் நின்று, “ஐந்து” என்றேன். வெர்னா அழுதுகொண்டே சிரித்தாள். பதினொரு வருஷம் நான் மடையனாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதிலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் செனட்டர்தான் ஜெயித்தார், அதை விடுங்கள். எங்கள் மூலையின் ஒரு நிமிஷப் பேச்சுக்கு, முதல் தடவையாக வேட்பாளரே நேரில் இருந்தார். லோயிஸ் கோலை ஊன்றி நிமிர்ந்தார்.

“மொதல்ல அந்தச் செவப்புப் பென்சிலை எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க.”