நான் மிலானில் உட்கார்ந்திருக்கிறேன்

இருங்காட்டுக்கோட்டை டீக்கடைக் கஸ்தூரியக்கா இன்று காலையும் என்னைப் பார்த்து, "இன்னாண்ணா வோணும்?" என்றார். சங்கரன்கோவிலை விட்டு வந்த நாளிலிருந்து அதே சர்க்கரை கம்மி டீதான் குடிக்கிறேன். அது அவர் மனதில் நிற்கவில்லை. அடுத்த கேள்விதான் எரிச்சலைக் கிளப்பியது: "அந்த இத்தாலி தாத்தா எப்போ வருவாரு? பாவம், மசால்வடைன்னா உசுரு அவருக்கு."

இத்தாலி தாத்தா நாற்காலி வடிவமைப்பவர். படகு கட்டும் ஊரில் பிறந்து, வளைத்த பலகைகளைப் பார்த்தே வளர்ந்து, நாற்காலிக்குக் கால் எதற்கு என்று கேட்டவராம். இளம் வயதில் அவர் செய்த காலில்லாத நாற்காலியைப் பார்த்து ஊரே சிரித்ததாம். இன்று அது மியூசியத்தில், யாரும் தொடாதபடி கயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது. என்னைப் பார்த்தும் எங்கள் ஊர் சிரித்தது. கயிறுதான் கட்டவில்லை.

கார் சீட் செய்யும் எங்கள் கம்பெனிக்கு, புது நாற்காலி ஒன்று செய்து பார்க்க வந்தார். வந்ததும் மேனேஜரிடம் சொன்னது: தையலே இல்லாத 'ஸெடியா' வேண்டும். ஸெடியா என்றால் நாற்காலி. நானோ சீட் கவர் தைக்கிறவன். தையல் இல்லையென்றால் நான் இல்லை. இந்த வயதில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் வேலைக்கு நிற்பது? அந்தப் பயத்தில் என் சட்டைக் கையையும் கவரோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பக்கத்து மெஷின் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, உன்னியும் சேத்து டெஸ்பாட்ச் பண்ணிடலாமா?"

நாற்காலி தயாரானது. முட்டைபோல் வழவழவென்று, ஒரு தையல்கூட இல்லாமல். யார் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்க்க, தாத்தா அதைக் கேன்டீனில் வைத்தார். எங்கள் ஆட்கள் டிபன் டப்பாக்களை அதன்மேல் அடுக்கிவிட்டு, சுற்றிலும் தரையில் அட்டை விரித்துச் சாப்பிட்டார்கள். நான் மனதுக்குள் விசிலடித்தேன். மனிதர் கோபப்பட்டாரா? தட்டோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல், வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை மேடும் பள்ளமுமாகப் போட்டு உட்கார்ந்து, ஒரு முழங்காலை உயர்த்தித் தூணில் சாய்ந்திருந்தேன். "பெல்லோ!" என்றார். 'அழகு' என்று அர்த்தமாம், பிறகுதான் தெரிந்தது. புளிசாதம் கேட்கிறார் என்று நினைத்து டப்பாவை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே என்னை வரைந்தார்.

பிறகு முட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கால் இல்லாத தாழ்ந்த இருக்கை ஒன்றைச் செய்தார். முழங்கால் உயர்த்த ஒரு மேடு, இடுப்புக்கு ஒரு பள்ளம். மேட்டையும் பள்ளத்தையும் சேர்க்கத் தடித்த தையல் வேண்டியிருந்தது. நான்தான் தைத்தேன். என் வேலை தப்பித்தது. இருக்கை மிலான் கண்காட்சிக்குப் போனது. அங்கிருந்து வந்த படத்தில், ஒல்லியான ஒரு பெண் ஒரு முழங்காலை உயர்த்திச் சாய்ந்திருந்தாள். கீழே தாத்தாவின் பெயர் மட்டும்.

"அண்ணா, இது நீ குந்திகினு கீற மாதிரியே கீது!" என்றாள் செல்வி.

அவளுக்காவது தெரிந்ததே. ஊருக்குப் போனால், செருப்பைக் கழற்றுமுன் "எப்பம் கெளம்புதீய?" என்கிறார்கள். இங்கே ஷிப்ட் முடிந்து தண்டலம் அறைக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ ஏறினால், "இன்னும் ஒருத்தர் வரட்டும், தள்ளிக் குந்துண்ணா" என்கிறார் டிரைவர். தள்ளுகிறேன். என் அளவுக்கே வெட்டிய பள்ளம் மிலானில் இருக்க, நான் பாதி சீட்டிலும் பாதி நெடுஞ்சாலைக் காற்றிலுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.