ஒட்டுத்தாளுக்கு அடியில் இருந்த எண்

சென்ற சனிக்கிழமை தைப்பிங்கிலிருந்து பினாங்கு போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, நாற்பது கால்கள் உள்ள ஒரு சிப் வாங்க. என் பழைய கணினியில் ஃபிளாப்பி டிரைவை இயக்கும் சிப் செத்துப்போய் மூன்று மாதமாகிறது.

அவசரம் ருக்குமணிக்கு. தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவள். இன்றும் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை இல்லை. பிறப்புப் பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. அதன் எண்ணாவது வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை நேர்காணல். அந்த எண் இருந்த பள்ளிப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் நான் அதை அப்போதே கணினியில் தட்டி ஃபிளாப்பியில் வைத்திருந்தேன். வேறு எந்தக் கணினியும் அதைப் படிப்பதில்லை. டிஸ்க்கின் ஓரத்தில் பூஞ்சையும் தெரிகிறது.

“சார், நீங்களும் கூட வர்றீங்களா?” என்று போனில் கேட்டாள். அலுவலகக் கவுன்டர் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாள் கிடைத்தால் போதும்மா என்று மழுப்பிவிட்டேன்.

காலை ரயில் பட்டர்வொர்த் சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானது. ஃபெர்ரியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள் என்பது தெரியாமல் வெள்ளி, அதாவது ரிங்கிட், நோட்டோடு நின்றேன். பின்னால் நின்ற பெண் தன் கட்டண அட்டையைத் தட்டி என்னை உள்ளே விட்டார். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து லிட்டில் இந்தியா வழியாகப் பன்னிரண்டு நிமிட நடை. பூக்கடையை ஒட்டிய மாடிப்படி. மேலே இருக்கும் பழைய மின்னணு உதிரிபாகக் கடை சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும். நான் ஏறியபோது 11.40.

கடைக்காரர் சேவியர் முன்பு ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை போர்டுகளைப் பழுதுபார்த்தவர். என் கணினியின் சுற்றுப்படத்தில் இருந்தபடி 1793 என்றேன். இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் அறுபது வெள்ளி. நான் பணத்தை எடுத்தபோது, செத்த சிப்பைக் காட்டச் சொன்னார். அதன் முதுகில் என் கையெழுத்தில் ‘14’ என்று ஒட்டுத்தாள். போர்டில் உள்ள எல்லாச் சிப்புக்கும் எண் போட்டு ஒட்டுவது என் வழக்கம்.

“வாத்தியாரே, பேரை மூடிட்டு நம்பர் போட்டிருக்கீங்களே. படத்த நம்பாதீங்க லா. போர்டுல என்ன உக்காந்திருந்துச்சோ அதான் வேணும்.”

தாளைப் பிய்த்தார். பசையோடு கடைசி இலக்கமும் போயிருந்தது. 179, அதற்குப் பிறகு கறுப்பு. 1791 என்றால் கால்கள் எல்லாம் அதே இடம்தான், ஆனால் பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் மாற்றித் தரும். எது என்று எனக்கு நினைவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்னேன்.

அவர் சிப்பின் மேல் வாயால் மெதுவாக ஊதி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஈரம் படிந்த ஒரு நொடி மட்டும் பழைய அச்சின் தடம் தெரிந்தது. மூன்று தடவை ஊதினார்.

“ஒண்ணு,” என்றார்.

1791 அவரிடம் ஒன்றே ஒன்று. அதைக் குத்தி வைத்திருந்த கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து உருவும்போது துருப்பிடித்த ஒரு கால் ஒடிந்தது. அவர் மீந்த கட்டையைச் சுரண்டி, மயிரிழைக் கம்பியைப் பற்றவைத்தார். மேசையைத் தொடாமல் தள்ளி நின்றேன். முடிந்தபோது 12.55. வேலை செய்தால் அறுபது வெள்ளி அனுப்புங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்றார்.

தேடிப் போகிறவர்களுக்கு: புறப்படுமுன் சிப்பின் முதுகைப் படம் எடுங்கள். செத்த சிப்பையும் கொண்டுபோங்கள். மூங்கில் குச்சி கொண்டு ஸ்பாஞ்சை விலக்கிய பிறகே சிப்பை எடுக்கச் சொல்லுங்கள். ஃபெர்ரிக்குக் கட்டண அட்டை வேண்டும்.

ஞாயிறு காலை இரண்டு முறை டிரைவ் முனகிவிட்டு நின்றது. மூன்றாம் முறை பெயர்கள் வரத் தொடங்கின. ருக்குமணி நாற்பத்தோராவது வரி. பத்திர எண் இருந்தது. பக்கத்தில் ‘சரிபார்த்தது’ என்று என் தலைப்பெழுத்து.

நானா, சரிபார்த்தேனா? படத்தை நம்பி 1793 கேட்டவன்தானே. வெகுநேரம் அந்த வரியையே பார்த்திருந்தேன். பிறகு நினைவு வந்தது: அவள் அப்பா பத்திரத்தைக் கையைவிட்டு விடாமல் மேசைமேல் பிடித்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துத் தட்டினேன். அதைக் கண்டவர்களில் இன்று இருப்பவன் நான் ஒருவன்தான். தாள் அதைச் சொல்லாது.

அச்செடுத்தேன். சேவியருக்கு அறுபது வெள்ளி அனுப்பினேன். பிறகு ருக்குமணியைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.