பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்த ஜெபம்

சபையாரே, கோபத்தை மறைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டையும் சொல்கிறேன்.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வீடு படப்பையில். போன ஜூலையில் புனேயில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நானும் மனைவி எஸ்தரும் விமானத்தில் திரும்பினோம். சென்னை வருவதற்குள் விமானம் மேகத்தில் மாட்டிக் குலுங்கியது. பெல்ட்டைக் கழற்றாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் நம் சபையில் யாராவது உட்கார்ந்து ஜெபித்திருக்கிறோமா? முழங்கால் போடு, இல்லையென்றால் எழுந்து நில் என்றுதானே பழக்கிவைத்திருக்கிறோம். முழங்கால் போட அங்கே இடமில்லை. எஸ்தர் பெல்ட்டைக் கழற்றி, எழுந்து நின்று முக்காடு போட்டாள். ஹெல்மெட் போடாதவனை லைன் பக்கமே விடாத நான், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் பொத்தென்று இறங்கியது. அவள் தலை மேலே மோதி, நடைபாதையில் போய் விழுந்தாள்.

"கை கால் இருக்கறதே தெரியலங்க" என்றாள்.

தூக்கப் போனேன். ஒரு பணிப்பெண் தவழ்ந்து வந்து, எஸ்தரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொடாதீர்கள் என்றாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"இன்னா பேசுற நீ? என் பொண்டாட்டிய நான் தூக்கக்கூடாதா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கையை எடுக்கவே இல்லை. தரையிறங்கி ஸ்ட்ரெச்சர் வரும்வரை அப்படியே பிடித்தபடி கிடந்தாள்.

கழுத்துப் பக்கம் முதுகெலும்பில் விரிசல், இனி நடப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்க்க வந்த சகோதரர் ஒருவர், விசுவாசம் குறைந்திருக்கும் என்றார். வெளியே போகச் சொன்னேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அடுத்து ஆண்டவர் மேல் பாய்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"உம்மைக் கூப்பிடத்தானே எழுந்து நின்னா? அவளைப் போய்த் தூக்கி அடிச்சீரே. அவ கால் அசையாம நான் முட்டி போடமாட்டேன்."

மூன்றாம் நாள் காலையில் அவள் கால் கட்டைவிரல் அசைந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, விழுந்த இடத்திலிருந்து அப்படியே தூக்கியிருந்தால் அவ்வளவுதான், கழுத்தை ஆடாமல் பிடித்தது யார் என்று கேட்டார். நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் உதவியை அனுப்பியிருக்கிறார். அதைத்தான் நான் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, அதே குலுக்கலில் அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் உடைந்திருந்தது. போனில் மன்னிப்புக் கேட்டேன். "ஆன்டி நடக்குறாங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் முழங்கால் போட்டேன்.

இதோ, எஸ்தர் முன்வரிசையில் இருக்கிறாள். நடந்துதான் வந்தாள். அவளால் முழங்கால் போட முடியாது, உட்கார்ந்து ஜெபிக்கிறாள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிற இரண்டு மூன்று பேர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. லைனில் யாரையும் இப்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டுவதில்லை, அந்த அளவுக்கு மாறியிருக்கிறேன்.

ஆண்டவரை நம்புங்கள். கோபமாகக் கேட்டாலும் பொறுத்துக்கொள்கிறார். விமானம் குலுங்கினால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே ஜெபியுங்கள். அவருக்குக் காது கேட்கும்.