ஒழுங்கையிலேயே மறிக்க வேண்டும்

கேதீஸ்வரி அக்காவின் வீட்டு வளவுக்குள் இதுவரை ஒரு மாடும் நுழைந்ததில்லை. இணுவிலில் கட்டாக்காலி மாடுகள் வாய் வைக்காத பயிற்றங்கொடி கிடையாது. ஆனால் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் அக்காவின் வாசற்படலை தெரிந்ததுமே அவை முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வழியால் போய்விடும். "வளவுக்குள்ளை வந்தாப் பிறகு கலைச்சு என்ன பிரயோசனம் ரீச்சர்? ஒழுங்கையிலையே மறிக்கோணும். மூலைக்குக் கலைச்சு ரெண்டு பேர் நிண்டா அது எங்கை போறது?" என்பார். இந்தக் கொள்கை மாட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

அவருக்கு ஒரே மகள், ஆரணி. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். விடியத் தேத்தண்ணி நீட்டும்போதே தாய் முதல் நாள் பாடத்தைக் கேட்பார். பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போக, பின்னால் ஸ்கூட்டியில் வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசனுக்கும் அதே ஊர்வலம்தான். யாராவது சிநேகிதி கதைக்க நின்றால் "என்ன பிள்ளை, உமக்குப் படிக்க ஒண்டும் இல்லையோ?" என்று ஒரு கேள்வி கேட்பார்; சிநேகிதி காணாமல் போய்விடுவாள். இரசாயனவியல் சேர் ஒருவர்தான் பெற்றோரைக் கேற்றுக்கு உள்ளே விடுவதில்லை. அங்கே அக்கா வெளியே ஸ்கூட்டியில் காவல் இருப்பார். தகப்பன் கிளிநொச்சியில் வேலை செய்கிறார். சனி ஞாயிறில் வருவார், சாப்பிடுவார், போவார்.

ஊர் இதைப் பொறுப்பு என்கிறது. நான் விளையாட்டு ரீச்சர். எனக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகவே பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

ஆரணி மூச்சு விட்ட ஒரே இடம், ரியூசன் இல்லாத பின்னேரங்களில் அவள் வந்த எங்கள் கூடைப்பந்துத் திடல். விளையாட்டையெல்லாம் ஒரு பொருட்டாக அக்கா மதித்ததில்லை. அதனால் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. "இஞ்சை மட்டுந்தான் ரீச்சர் என்னை ஒருத்தரும் பாத்துக்கொண்டு நிக்கேல்லை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளை அணியில் வைத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், அப்போது அவள் சுமாராகத்தான் விளையாடுவாள்.

மாவட்டப் போட்டியின் அரையிறுதி ஒரு சனிக்கிழமை எங்கள் திடலிலேயே வந்தது. எதிரே உரும்பிராய்ப் பிள்ளைகள். அதே நேரத்தில் இரசாயனவியல் வகுப்பும் இருந்தது. ஆரணி வகுப்புக் கேற்றுக்குள் தாயின் கண்முன்னே நுழைந்து, பின்பக்க வேலியால் வெளியே வந்து, ஓடியே திடலுக்கு வந்து சேர்ந்தாள்.

முதற்பாதி முடிய எங்கள் மானம் கப்பலேறிவிட்டது. உரும்பிராய் அணியில் ஒரு நெட்டைப் பிள்ளை, பந்தைத் தட்டிக்கொண்டு ஆறுதலாக நடந்து வருவாள். எங்கள் பிள்ளைகள் நான் படிப்பித்தபடி பின்னால் ஓடிவந்து எங்கள் கூடைக்குக் கீழே காத்து நிற்பார்கள். அவள் வந்து போடுவாள். நாங்கள் பார்ப்போம்.

இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு கேதீஸ்வரி அக்கா வந்து சேர்ந்தார். வகுப்பில் மகளின் கதிரை வெறுமையாக இருந்த செய்தி எப்படியோ கேற்றடிக்கு வந்துவிட்டது. தலையில் ஹெல்மெற்றைக்கூடக் கழற்றவில்லை. ஆரணியின் முகம் வெளிறிப்போனது. இன்றோடு பிள்ளையின் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி என்று நான் நினைத்தேன்.

அக்கா மகளைக் கூப்பிட வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். நெட்டைப் பிள்ளை மறுபடியும் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"உதென்ன ரீச்சர்? உவள் கோயில் வீதி சுத்திற மாதிரி ஆறுதலா நடந்து வாறாள். எங்கடை பிள்ளையள் குசினி அடுப்படியிலை போய் ஒளிச்சு நிக்குதுகள்!"

"அதுதான் அக்கா முறை..."

"என்ன முறை? பிள்ளையள், ஒழுங்கையிலையே மறியுங்கோ! அங்கை போங்கோ! பந்தைக் கையிலை எடுக்க விடாதேங்கோ! மூலைக்குக் கலை! ஆரணி, நீ ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்?"

பிள்ளைகள் பயத்தில் ஓடினார்கள். பந்தை எடுத்த அணி எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் விதி. உரும்பிராய்ப் பிள்ளைகளுக்கு அது முடியாமல் போனது. ஆரணிதான் முன்னுக்கு நின்றாள். நெட்டைப் பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பாள், எந்த இடைவெளியால் நழுவ நினைப்பாள், எப்போது களைத்துக் கையை விடுவாள் என்பதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து மறிக்கப்பட்ட பிள்ளை. அவளுக்கு அதைத் தனியாகப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வென்றோம். நடுவர் அக்காவை இரண்டு தரம் எச்சரித்தார். அக்கா அவரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

அன்று பின்னேரமே எனக்கு வைபரில் ஒரு வெளிநாட்டுக் கூடைப்பந்து வீடியோ வந்தது. கூடவே அக்காவின் குரல்: "ரீச்சர், நான் சொன்னதுக்கு வெள்ளைக்காரன் ஃபுல் கோர்ட் பிரஸ் எண்டு பேர் வைச்சிருக்கிறான். பாத்தியளே?"

அடுத்த நாளிலிருந்து விசிலும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் பயிற்சிக்கு வரத் தொடங்கினார். யார் கால் இழுக்கிறாள், யார் காலையில் சாப்பிடவில்லை, யார் தண்ணீர் குடிக்கிற சாட்டில் நிழலில் நிற்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். நான் சம்பளம் வாங்கும் பார்வையாளராகிவிட்டேன். அதிபர் இதற்குப் 'பெற்றோரின் ஒத்துழைப்பு' என்று பெயர் வைத்துக் காலைக் கூட்டத்தில் பாராட்டினார். எரிச்சலோடு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: மனுசி சந்தோசமாக இருந்தார். பல் தெரிய அவர் சிரித்ததை அப்போதுதான் முதன்முதல் கண்டேன்.

இறுதியாட்டத்தையும் வென்றோம். ஆரணி பந்துக்கு மேல் பந்தாகப் பறித்தாள். ஒரு தரமும் சிரிக்கவில்லை. படம் எடுத்தபோது அதிபர் கிண்ணத்தைப் பிடித்தார், அக்கா அதிபரின் பக்கத்து இடத்தைப் பிடித்தார். ஆரணியின் முகத்தில் பாதிதான் படத்தில் விழுந்தது.

திங்கட்கிழமை அவள் என்னிடம் வந்தாள். சீருடையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் இனி விளையாடேல்லை ரீச்சர். பின்னேரக் கெமிஸ்ற்றி கிளாசுக்கும் போகப்போறன்."

"உனக்குக் கெமிஸ்ற்றி கண்ணிலையும் காட்டக்கூடாதே?"

"ஓம் ரீச்சர். ஆனா அந்தச் சேர் அம்மாவைக் கேற்றுக்கு உள்ளை விடமாட்டார். அம்மாவும் இனிக் கேற்றடியிலை நிக்கமாட்டா. இஞ்சைதானே நிப்பா."

திட்டவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. சீருடையை வாங்கிக்கொண்டேன்.

நாலு மணிக்கு அக்கா தனியே வந்தார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தயங்கி என்னிடம் வந்தார்.

"ரீச்சர், உவள் ஏன் விட்டவள்? உங்களிட்டை ஏதும் சொன்னவளே?"

அவருடைய கழுத்தில் விசில் தொங்கியது. உண்மையைச் சொன்னால் கேற்றடிக் காவல் மறுபடி தொடங்கும். பிள்ளைக்கு அந்தக் கெமிஸ்ற்றி வகுப்புக் கொட்டிலாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

"கெமிஸ்ற்றியிலை ஆர்வம் வந்திட்டுதாம் அக்கா."

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"பாத்தியளே ரீச்சர்! விடாமல் மறிச்சால் எப்பவும் வழிக்கு வருவினம்" என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளிடம் போனார்.