எர்ணாவூர் மேம்பாலத்தில் இறுகிய ஸ்டீரிங்

காலை பத்து மணிக்கு ராயபுரத்திலிருந்து கிளம்பினோம். வள்ளூர் அனல்மின் நிலையம் வரை சுமார் இருபது கிலோமீட்டர். பின் சீட்டில், அங்கே கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நான் கொண்டுபோய் விற்கும் மதியச் சாப்பாடு. பக்கத்து சீட்டில் தண்டையார்பேட்டை மெக்கானிக் கபீர் பாய். அவரை ஏற்றுவதற்கே ஒரு சண்டை போட வேண்டியிருந்தது.

என் சின்ன காரில் பவர் ஸ்டீரிங் திடீரென்று இறுகிக்கொள்ளும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை அணைத்து மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். பாய் புது பேட்டரி போட்டார், பெல்ட்டை மாற்றினார், பழுது போகவில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் மட்டும் இறுகவே இறுகாது. "உனுக்குத்தான்க்கா பயம். வண்டி நல்லாத்தான் கீது" என்பார். என் வீட்டுக்காரரும் அதையே சொல்லி வண்டியை விற்கப் பேசி முடித்துவிட்டார். சாயங்காலம் ஆள் வருகிறான். எட்டாவதோடு நின்றவள் நான். வண்டி போனால் என் வியாபாரமும் போச்சு.

பயந்தவள்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். அதற்காக, இறுகியது என் கைக்குத் தெரியாதா?

காசிமேடு தாண்டியதும் எக்ஸ்பிரஸ் சாலை. இந்தப் பக்கம் வராதவர்கள் பெயரை நம்ப வேண்டாம். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் பாதிச் சாலையை அடைத்து நிற்கும். வலது பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல்.

பாய் ஏறியதுமே முகப்பு விளக்கை அணைத்தார். "பகல்ல இன்னாத்துக்குக்கா லைட்டு?" ஏசியையும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். ஸ்டீரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

திருவொற்றியூரில் டீ பதினைந்து ரூபாய். "பாத்தியாக்கா, பஞ்சு மாதிரி கீது" என்று சிரித்தார். விம்கோ நகர் தாண்டியும் இறுகவில்லை. வண்டி பழுதாகட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டியது அன்று ஒரு நாள்தான்.

பதினொன்றரைக்கு எர்ணாவூர் மேம்பாலம். லாரிகள் நகரவில்லை. புழுதி. ஒரு டிரெய்லர் என் கதவை உரசுவதுபோல் வந்து நின்றது. பயத்தில் கை தானாகப் போனது: விளக்கு, ஹசார்டு இண்டிகேட்டர், வைப்பர், கண்ணாடியை ஏற்றி ஏசி. நான் எப்போதும் ஓட்டுவது இப்படித்தான். ஒதுங்கலாம் என்று இடப்பக்கம் ஒடித்தேன். இறுகிவிட்டது.

"நீ ஒடிச்சுப் பாரு பாய்!"

பக்கத்திலிருந்தே இரண்டு கையாலும் இழுத்தார். "அய்ய, ஆமாக்கா!"

"ஷெட்டுல இத்தையெல்லாம் போட்டுப் பாத்தியா?"

"எவன்க்கா பகல்ல எல்லாத்தையும் ஒண்ணா போடுவான்?"

"நான் போடுவேன்."

பாய் இறங்கி பானெட்டைத் திறந்தார். பின்னால் லாரிக்காரர் கத்தினார்: "இன்னாமே, நடு ரோட்டுல கடை போட்டுக்கினு கீற?"

"முன்னாடி கீறவன் நவுரட்டும் நைனா, நானும் நவுர்றேன்!" என்றேன். இப்படியெல்லாம் நான் கத்தியதே இல்லை.

பாய் தன் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து பேட்டரியின் மைனஸையும் வண்டியின் இரும்பு உடம்பையும் சேர்த்துக் கவ்வவிட்டார். வண்டியை அணைத்து எடுத்தேன். எல்லா சுவிட்சையும் மறுபடி போட்டு ஒடித்தேன். இளகியது. கேபிளை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இறுகியது.

லாரிகள் நகர்ந்ததும் பாலத்தை விட்டு இறங்கி ஓரங்கட்டி, பேட்டரித் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். உடம்போடு எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டு முழுக்க வெள்ளைத் துரு. கடல் உப்புக்காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து தின்ற இடம். கரண்டு குறைவாக இழுத்தால் தாங்கும், மொத்தமாக இழுத்தால் ஸ்டீரிங் கையை விரிக்கும். பாய் உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனையை மாற்றி முடுக்கினார். எல்லா சுவிட்சையும் போட்டு ஒடித்தேன்; இறுகவில்லை.

"இனிமேங்காட்டி லைட்டைக் கொஞ்சம் கம்மியா போடுக்கா."

"எல்லாத்தையும் போடத்தான் போறேன். வண்டிதான் தாங்கணும்."

பன்னிரண்டரைக்கு வள்ளூர். புகைபோக்கிகளுக்குக் கீழே பாத்திரங்கள் காலியாகும்போது வீட்டுக்காரர் போன் செய்தார். "ஆளு சீக்கிரமே வரானாம். வண்டிய எடுத்துக்கினு வாமே."

"வரவேணாம்னு சொல்லு. பழுத கண்டுபுட்சாச்சு."

"மெக்கானிக்கே ஒண்ணும் இல்லன்னான்?"

"பக்கத்துலதான் கீறாரு, கேட்டுக்கோ."

பாய் போனை வாங்கித் தொண்டையைச் செருமினார். "அண்ணாத்த, அக்கா சொன்னதுதான் கரீட்டு."

திரும்பும்போதும் லாரிகளுக்கு நடுவே எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, பயந்துகொண்டேதான் ஓட்டினேன். நாளைக்கும் அப்படித்தான் ஓட்டுவேன். வண்டி என்னுடையது.