வரிக்கு வரி ஒரு சேவ்

1

எங்கள் அலுவலகத்துக்குக் கொம்பியூட்டர் வந்த அன்று, எழுத்து வேலைகளுக்குத் தலைவரான பிரதம லிகிதர் சிவபாதம் ஐயா அறை வாசலிலேயே எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தார். கொழும்பில் பயிற்சி பெற்றவன் என்பதால் படிப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து உத்தியோகத்துக்கு வந்தவன். பயிற்சிக் குறிப்பில் உள்ளபடியே எல்லாம் நடக்கும் என்று நம்பினேன்.

முதல் வகுப்பின் நடுவில் கரண்ட் போய்விட்டது. குருநகரிலிருந்து வரும் ரைப்பிஸ்ற் திரேசா அக்கா அடித்த கடிதமும் அதோடு போனது.

"எங்கை தம்பி என்ரை கடிதம்?"

"அழிஞ்சு போட்டுது அக்கா."

"ரைப்றைட்டர் எண்டால் தாளெண்டாலும் கையிலை மிஞ்சும்."

"உது பேய் பிடிச்ச பெட்டி, பிள்ளை," என்றார் ஐயா வாசலில் நின்று. "நீர் உம்மடை மெசினிலையே அடியும்."

அக்காவால் அப்படி விட முடியாது. பல வருடமாகத் தற்காலிக ஊழியர். கொழும்பில் வைக்கும் கொம்பியூட்டர் சோதனையில் சித்தியடைந்தால்தான் நிரந்தர நியமனம்.

2

குறிப்பில் இல்லாத ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதினேன்: 'ஒரு வரி அடித்ததும் சேவ்.' பிறகு கரண்ட் போனாலும் அடித்தது புளொப்பித் தட்டில் பதிந்து இருக்கும். ஒவ்வொரு சேவுக்கும் புளொப்பி கரகரத்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும்.

கரண்ட் இல்லாத நாட்களிலும் அக்கா கறுத்த திரைக்கு முன்னால் இருந்து அடித்துப் பழகினார். வரி முடிய சேவ் விசைகளையும் விடாமல் தட்டினார்.

"ஒண்டும் பதியாதே அக்கா, பிறகேன்?"

"கைக்குப் பழகட்டும்."

3

சோதனை முடிந்து அவர் திரும்பிவந்தபோது முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"அரைவாசிதான் அடிச்சன் தம்பி. மற்றப் பிள்ளையள் கடைசியிலை ஒருக்கா சேவ் பண்ணிப்போட்டு எழும்பிப் போகுதுகள். நான் வரிக்கு வரி பெட்டி கரகரக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

"கரண்ட் போகேல்லையே?"

"ஒருக்காலும் போகேல்லை. ஃபான் சுத்தினபடி. எனக்குத்தான் அதை நம்ப மனம் வரேல்லை."

நான் விதியை அழிக்க எழுந்தேன்.

"விடும் தம்பி. இஞ்சை அதுதான் சரி."

அன்று பின்னேரமே வகுப்பு நடுவில் கரண்ட் போனது. புதிதாகப் பழக வந்த லிகிதர்களுக்குக் கடைசி வரி மட்டுமே நட்டம்.

அடுத்த நாள் அந்த விதிக்குக் கீழே இன்னொன்று எழுதினேன்: 'கொழும்பில், பக்கம் முடிய ஒரு சேவ்.' அக்கா நின்று வாசித்தார்.

"எனக்கு விளங்குது தம்பி. கை கேக்குமோ தெரியாது."

இனிப் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பழகுகிறவர் எங்கே இருந்து வேலை செய்யப்போகிறார், எங்கே வைத்து அவரைச் சோதிக்கப்போகிறார்கள் என்று இரண்டையும் கேட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதச் சோக்கைத் தூக்குங்கள். நான் முதலாவதை மட்டுமே கேட்டிருந்தேன். அக்கா இன்னும் தற்காலிகம்தான்.